ரேடியோவில் மூன்று சொல்

டவர் கிரேன் வேலைக்கு மூன்று சொல் போதும். ஏத்து, விடு, நில்லு. ஏத்து என்றால் சுமையைத் தூக்கு. விடு என்றால் கீழே இறக்கு. நில்லு என்றால் உலகமே இடிந்து விழுந்தாலும் அசையாதே. இடம், வலம் என்று இன்னும் சில உதிரிச் சொற்கள் உண்டு, ஆனால் ஆளைக் கொல்வதும் காப்பாற்றுவதும் இந்த மூன்றுதான். இதைச் சொல்லச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளா என்று சிரிப்பவர்கள், ஒரு நாள் வந்து அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் நின்று பார்க்க வேண்டும். பதினாறு மாடி உயரத்தில் கேபினில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குப் பின்பக்கம் துளிகூடத் தெரியாது. கட்டடமே மறைத்துக்கொண்டு நிற்கும். குருட்டுப் பக்கம் என்று அதற்குப் பெயர். அங்கே கீழே ரேடியோவைக் கையில் பிடித்து நிற்கிறவன் என்ன சொல்கிறானோ, அதுதான் மேலே இருப்பவனுக்குக் கண்.

கீழே நின்றவன் நம் சிக்னல்காரன். வயது நாற்பத்தாறு. இடது முழங்கால் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டது, மற்ற உறுப்புகள் மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தன. மேலே இருந்தவன் அவனுடைய ஒரே தங்கையின் புருஷன். பெற்றவர்கள் போன பிறகு அந்தத் தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவன் இவன்தான். கல்யாண வயது வந்ததும் ஊரெல்லாம் தேடாமல், தன்னோடு ஐந்து வருஷம் வேலை பார்த்த கிரேன் ஆபரேட்டருக்கே கட்டிவைத்தான். அதுவரை 'டேய்' போட்டுக் கூப்பிட்டவனை மறுநாளிலிருந்து வீட்டில் 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை' என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஆனால் ரேடியோவில் அந்த 'ங்க' கிடையாது. 'நில்லுங்க' என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் சுமை ஓர் அடி போய்விடும். அதனால் வீட்டில் நீங்க, வேலையில் நீ. மாப்பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது நாலு மாதமாக இருவரும் பேசுவதில்லை. அதாவது ஒரு நாளைக்கு இருநூறு முறை பேசினார்கள். இவன் 'விடு' என்பான், மேலிருந்து 'சரி' என்று வரும். 'நில்லு' என்பான், 'சரி' என்று வரும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முன்பெல்லாம் ஒரு சுமைக்கும் அடுத்த சுமைக்கும் நடுவில் ரேடியோவில் வீட்டுச் சமையல் முதல் மேனேஜரின் கார் வரைக்கும் அலசித் துவைத்துக் காயப்போடுவார்கள். இப்போது அந்த இடைவெளியில் கரகரவென்று காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் இவன் 'நில்லு, நில்லு' என்று கத்தியும் கிரேன் நிற்கவில்லை. பலகைக் கட்டு ஆடிப்போய் மூன்றாம் மாடிச் சாரத்தை இடித்துச் சரித்தது. நல்ல வேளை, சாரத்தில் இருந்தவர்கள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தார்கள். அன்று மாலையே விசாரணை வைத்து ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்கள். சிக்னல்காரன் ஒரே ஒரு வரி எழுதினான்: 'நான் நில்லு என்றேன், ஆபரேட்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.' ரேடியோவில் அவன் யாருடனோ பேசும் சத்தம் கேட்டது, எழுதினான். அந்த யாரோ தன் தங்கைதான் என்பதும், பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பெண் குழந்தை மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று அழுதுகொண்டே கூப்பிட்டாள் என்பதும் இரண்டு நாள் கழித்துத்தான் இவனுக்குத் தெரியவந்தது. அதற்குள் மாப்பிள்ளையை நாற்பத்தைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திரும்பி வரும்போது கையில் கடைசி எச்சரிக்கை இருந்தது. வேலை நேரத்தில் போனிலோ ரேடியோவிலோ வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொல் பேசினாலும் லைசென்ஸ் ரத்து, இனி எந்த கிரேனிலும் ஏற முடியாது.

திரும்பி வந்த மாப்பிள்ளை முதல் வேலையாக அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தான். எனக்கு வேறு சிக்னல்காரர் வேண்டும், இவர் வேண்டாம்.

மேனேஜர் மேடம் அப்படியெல்லாம் வெடுக்கென்று முடிவெடுப்பவர் அல்ல, கடிதம் இரண்டு மாதத்துக்கு மேல் அவரிடமே கிடந்தது. அதற்குப் பிறகு வேலையிடச் சண்டைகளைத் தீர்ப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அந்தப் பயிற்சியின் சூடு ஆறுவதற்குள் இந்த இருவரும் கையில் சிக்கினார்கள். திங்கட்கிழமை காலை தன் அறையில் மூன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரவைத்தார். மேஜை நடுவில் இருந்தால் மனசுக்கும் நடுவில் இருக்குமாம்.

"யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. நான் என்ன உணர்றேன்னு மட்டும் சொல்லணும்" என்றார் மேடம். "நீங்க முதல்ல சொல்லுங்க."

மாப்பிள்ளை பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். "எனக்கு ஒண்ணும் தோணல மேடம்" என்றான்.

"ஏதாவது ஒரு உணர்வு இருக்குமே?"

"கால் மரத்துப்போச்சு மேடம். அது ஒண்ணுதான்."

மேடம் சிக்னல்காரன் பக்கம் திரும்பினார். இவன் எத்தனையோ சொல்ல நினைத்து வந்திருந்தான். முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்திருந்தான். "என் மேல தப்பில்லைன்னு சொல்ல வரல மேடம்" என்று ஆரம்பித்தான். "இவர் என்கிட்ட பேசினா போதும்." மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் பெருமூச்சு விட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார். சமரச அறிக்கை. எங்களுக்குள் இருந்த மனத்தாங்கல் பேசித் தீர்க்கப்பட்டது என்று அச்சடித்து, கீழே இரண்டு பேர் கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டிருந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன். ரெண்டு கையெழுத்தும் இருக்கணும். இல்லன்னா ஒருத்தரை அனுப்பிட்டு வேற ஆள் போட்டுத்தான் ஆகணும். பேசாத ரெண்டு பேரைக் குருட்டுப் பக்கத்துல வச்சுட்டு நான் நிம்மதியா இருக்க முடியாது."

மாப்பிள்ளை எழுந்து போன பிறகு இவன் அங்கேயே நின்றான். "ஒருத்தர்னா யாரு மேடம்?"

மேடம் கையிலிருந்த மற்ற தாள்களை அடுக்கினார், பேனாவை மூடினார். "ஆபரேட்டர் கிடைக்கறது கஷ்டம்" என்றார். மீதியைச் சொல்லவில்லை. சொல்லாததே ஒரு நாகரிகம் என்று நினைத்திருப்பார். நாற்பத்தாறு வயதில், இந்த முழங்காலோடு, எந்த வாசலில் போய் நிற்பது? அதைவிட இன்னொன்று அவனைப் பிடித்து உலுக்கியது. இந்த வேலையும் போய்விட்டால் மாப்பிள்ளையின் குரலை, அந்த 'சரி'யைக்கூட, இனிக் கேட்க முடியாது. தங்கை வாசல் நாலு மாதமாக அடைத்துக் கிடக்கிறது. மிச்சமிருந்த ஒரே கயிறு இந்த ரேடியோதான்.

அன்றைக்கே கெஞ்ச ஆரம்பித்தான். மதியச் சாப்பாடு மாப்பிள்ளைக்குக் கயிற்றில் கட்டிய பையில் மேலே போகும். இவன் அந்தப் பைக்குள் தாளையும் வைத்து, கூடவே ஒரு கடிதமும் எழுதி வைத்தான். மன்னிப்பு, சமாதானம், பழைய நாட்கள், குழந்தையின் கால் எப்படியிருக்கிறது என்ற விசாரிப்பு, எல்லாம் நாலு பக்கத்தில் கொட்டியிருந்தான். பை கீழே வந்தது. சாப்பாட்டு டப்பா காலி, தாளில் கையெழுத்து இல்லை, கடிதம் மடித்தது மடித்தபடி. மறுநாளும் வைத்தான். மறுநாளும் அப்படியே வந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குழம்பு பட்டிருந்தது. படித்துப் பார்க்கக் கையில் எடுத்திருப்பானோ என்று அந்தக் குழம்புக் கறையைப் பார்த்துச் சந்தோஷப்படும் அளவுக்கு இவன் நிலைமை ஆகிவிட்டது.

புதன்கிழமை மாலை வெட்கத்தை விட்டுத் தங்கை வீட்டுக்கே போனான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கதவைப் பாதி திறந்து தங்கை நின்றாள். அண்ணா வா என்று சொல்லவில்லை.

"என்ன?"

"மாப்பிள்ளை இருக்காராம்மா?"

"குளிக்கிறார்."

குளியலறையில் சொட்டுத் தண்ணீர் விழும் சத்தம் இல்லை. இருவருக்கும் அது தெரிந்தது, இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு கையெழுத்துதான்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுட்டா என் வேலை தப்பிச்சிடும்."

"நீயும் அன்னிக்கு ஒரு கையெழுத்துதானே போட்ட."

"நடந்ததை எழுதினேன்மா. போன்ல இருந்தது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியா?" என்று கேட்டாள் தங்கை. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

இல்லை, எழுதியிருக்க மாட்டேன் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டிருந்தால் கதவு திறந்திருக்கும். சாரத்தில் ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பு குறுக்கே வந்து வாயைக் கட்டியது. "மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா, விடுங்கன்னு. போனது போகட்டும், விடுங்கன்னு நான் கேட்டுக்கிட்டதாச் சொல்லு" என்று உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னான். தங்கை பழத்தை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டாள். பழத்தையாவது வாங்கினாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தான்.

வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மேடம் தற்செயலாக எதிரில் வந்ததுபோல் வந்து, "என்னாச்சு?" என்றார். "பேசிக்கிட்டிருக்கோம் மேடம்" என்றான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். மேடம் காதையே பார்த்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் செய்ததை எந்தப் புத்தியுள்ளவனும் செய்ய மாட்டான். வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்பாகவே வந்து கிரேனின் ஏணியில் ஏற ஆரம்பித்தான். மேலே போய் கேபினில் உட்கார்ந்துவிட வேண்டும், மாப்பிள்ளை வந்துதானே ஆக வேண்டும், அங்கே வைத்துக் காலில் விழுந்தாலும் விழுந்துவிட வேண்டும், தப்பி ஓட அங்கே இடமில்லை. இதுதான் திட்டம். ஏணியின் நடுநடுவே இளைப்பாற விட்டிருந்த தட்டுகளில் முதலாவது, இரண்டாவது வரை சமாளித்தான். மூன்றாவதில் முழங்கால் முணுமுணுத்தது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அது வேலைநிறுத்தமே செய்துவிட்டது. மேலே ஓர் அடி வைக்க முடியவில்லை. கீழே பார்த்தான், அது அதைவிடப் பெரிய தப்பு. இரும்பைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அழுகை வந்தது, அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியவில்லை. செத்துப்போனால் இந்தச் சண்டையாவது முடியும் என்று ஒரு கணம் நினைத்தான்.

எவ்வளவு நேரம் போனதோ, ஏணி அதிர்ந்தது. கீழிருந்து யாரோ ஏறி வந்தார்கள். ஷூ சத்தத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. சத்தம் அவன் காலுக்குக் கீழே வந்து நின்றது.

பிறகு ஒரு கை அவனுடைய இடது கணுக்காலைப் பிடித்தது.

"இந்தக் காலைக் கீழ வைங்க" என்றான் மாப்பிள்ளை.

வைத்தான். கை அதைப் படியில் அழுத்திப் பொருத்தியது. "இப்ப வலது." வைத்தான். இப்படியே ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு காலாக, நூறு படிக்கு மேல் மாப்பிள்ளை கீழே இருந்துகொண்டு இவன் கால்களை எடுத்து எடுத்து வைத்தான். குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் இருந்தது. தரைக்கு வந்ததும் இவன் கையெடுத்துக் கும்பிடப் போனான். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறிவிட்டான். ஆனால் இரண்டு தட்டு ஏறியதும் நின்று, இவன் ஒழுங்காக நடக்கிறானா என்று ஒரு முறை கீழே பார்த்தான்.

வேலை தொடங்கியது. முதல் லாரியில் சாரக் குழாய்கள் வந்திருந்தன. ஒன்றரை டன் கட்டு. அதைக் கட்டடத்துக்கு மேலாகத் தூக்கிப் பின்பக்கம் இறக்க வேண்டும். பின்பக்கத்தில் சிக்னல்காரனும் கட்டுக்காரனும் மட்டும் இருந்தார்கள். சுமையைக் கட்டி அவிழ்ப்பதுதான் கட்டுக்காரன் வேலை. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அலைவரிசையில் மேலே மாப்பிள்ளையும் கீழே சிக்னல்காரனும் மட்டும்தான், அவனிடம் ரேடியோ கிடையாது. அவனிடம் அதைக் கொடுத்தால் மற்ற வேலை எதுவும் நடக்காது என்று மேடமே சொல்லியிருந்தார்.

சுமை வந்தது. "விடு" என்றான் சிக்னல்காரன். "சரி." இறங்கியது. முழங்கால் உயரத்தில் "நில்லு" என்றான். "சரி." நின்றது. அடியில் வைத்திருந்த இரண்டு கட்டைகளில் ஒன்று கோணியிருந்தது. கட்டை நேராக இல்லாவிட்டால் சுமையைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டை உருவ முடியாது. மௌனசாமி குனிந்து அதை நேராக்கப் போனான். கை மட்டும் உள்ளே போகலாம் என்பது விதி, காலும் போவது வழக்கம். கால் வலி, மருமகள், புது ஹெல்மெட் நாற்றம் என்று வழக்கம்போல் தனக்குத்தானே பேசிக்கொண்டே கட்டையை நகர்த்தினான்.

அந்த இடைவெளியில்தான் ரேடியோ கரகரத்தது.

"மச்சான்."

சிக்னல்காரனுக்குக் காது அடைத்தது. நாலு மாதம் கழித்து அந்தச் சொல்.

"முட்டி ரொம்ப வலிக்குதா?" என்றான் மாப்பிள்ளை.

இவன் ரேடியோவின் பொத்தானை அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான்.

"மச்சான், நீங்க எழுதினதுல பொய் இல்ல. போன எடுத்தது நான்தான். சாரத்துல ஆள் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா எனக்கு இன்னும் தூக்கம் வரல. அந்தக் கோவத்தை உங்க மேல போட்டுட்டேன். உங்க லெட்டரை ரெண்டு நாளும் படிச்சேன். படிச்சுட்டு மடிச்சு வச்சுட்டேன். மன்னிச்சிருங்க மச்சான்."

சொல்லக் கூடாத இடத்தில், சொன்னால் லைசென்ஸே போகும் இடத்தில் அவன் அதைச் சொன்னான். நேரில் சொல்ல வெட்கம் போலிருக்கிறது. சிக்னல்காரனுக்குக் கண்ணில் நீர் கட்டி எதிரில் இருந்த எல்லாம் கலங்கிப்போனது, குழாயும் கட்டையும் மௌனசாமியும். வீடாக இருந்தால் விடுங்க மாப்பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பான். புதன்கிழமைகூட அப்படித்தான் சொன்னான். ஆனால் கையில் ரேடியோ இருந்தது. ரேடியோவில் இவன் வாயில் 'ங்க' கிடையாது. பழைய பாசம் எந்த வழியாகப் போய்ப் பழகியிருந்ததோ அந்த வழியாகவே வந்தது.

"விடு மாப்பிள்ளை" என்றான். "விடு."

"சரி" என்று வந்தது.

அந்தச் சரியைக் கேட்டு அவன் நெஞ்சு நிறைந்தது. அரை நொடி, அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. பெல்ட் முறுக்கும் சத்தம் கேட்டது. மேலே இருந்தவன் சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிந்துவிட்டான். ஒன்றரை டன் மெதுவாக, ஒழுங்காக, கற்றுக்கொடுத்தபடி இறங்கியது. மௌனசாமி பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினான்.

"ஏத்து, ஏத்து" என்று சிக்னல்காரன் அலறியபோது கட்டை உடைந்திருந்தது. காலும் உடைந்திருந்தது.

மூன்று நாள் கழித்து விசாரணை. அதற்கு முன் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போனான். முதல் முறை உள்ளே போகும் தைரியம் வராமல் திரும்பிவிட்டான். இரண்டாம் முறை மௌனசாமியின் மனைவி கதவோரம் உட்கார்ந்திருந்தாள், இவனைப் பார்த்து எழுந்து இடம் விட்டாள். மௌனசாமிக்கு முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருந்தார்கள். நடப்பான், ஆனால் கோல் இல்லாமல் நடக்க மாட்டான், கட்டு வேலை இனிக் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மௌனசாமி வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். "நான் கட்டையைச் சரியாத்தானே வச்சேன்?"

"சரியாத்தான் வச்சே. தப்பு என்னோடது" என்றான் சிக்னல்காரன். அதைச் சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். மேடம் அறைதான். இந்த முறை மேஜை நடுவில் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மேடமும் அதிகாரியும், இந்தப் பக்கம் இவர்கள் இருவரும். மூன்று நாளும் இருவரும் தனியாகச் சந்திக்கவில்லை, விசாரணை முடியும் வரை சந்திக்கக் கூடாது என்று உத்தரவு. மாப்பிள்ளை சவரம் செய்திருக்கவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன.

அதிகாரி கேட்டார், மேடம் எழுதினார்.

"என்ன சிக்னல் கொடுத்தீங்க?"

"விடுன்னு சொன்னேன்."

"கீழ ஆள் இருந்தது தெரியாதா?"

"தெரியும். நான்தான் கவனிக்கல."

அதிகாரி மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க என்ன கேட்டீங்க?"

"விடுன்னு கேட்டேன்" என்றான் மாப்பிள்ளை. குரல் எழும்பவில்லை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு ஒண்ணு புரியல. நில்லுன்னு சொன்னதுக்கும் விடுன்னு சொன்னதுக்கும் நடுவுல ஒரு நிமிஷத்துக்கு மேல போயிருக்குன்னு கிரேன் பதிவு சொல்லுது. இருபது வருஷம் வேலை பார்த்த ஆள், கண்ணு முன்னால ஒருத்தர் குனிஞ்சு நிக்கும்போது விடுன்னு ஏன் சொல்லணும்? அந்த ஒரு நிமிஷத்துல என்ன நடந்தது? ரேடியோல நீங்க ரெண்டு பேரும் ஏதாவது பேசிக்கிட்டீங்களா? வேலைக்குச் சம்பந்தமில்லாம?"

சிக்னல்காரனுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. உண்மையைச் சொன்னால் தன் குற்றம் பாதியாகக் குறையும். அது சிக்னல் இல்லை ஐயா, சமாதானம் ஐயா, மன்னிப்புக் கேட்டவனுக்குச் சொன்ன பதில் ஐயா என்று சொல்லலாம். கேட்பவர்களுக்குக் கண்ணீர்கூட வரலாம். ஆனால் முதலில் பேசியது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு மாப்பிள்ளையின் லைசென்ஸ் போகும், தங்கை வீட்டு அடுப்பு அணையும், மாடிப்படியில் விழுந்த குழந்தைக்கு இன்னும் ஒரு வருஷம் காலுக்கு வைத்தியம் இருக்கிறது. நாலு மாதமாக ஏங்கிக் கிடந்து, கடிதம் எழுதி, வாசலில் நின்று, ஏணியில் தொங்கி வாங்கிய அந்த நாலு வார்த்தையை, நடக்கவே இல்லை என்று இப்போது தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

பக்கத்தில் மாப்பிள்ளை அசைந்தான். "சார், நான்தான் முதல்ல..." என்று ஆரம்பித்தான்.

"பேசறதா?" என்று சிக்னல்காரன் குறுக்கே விழுந்தான். சத்தமாகவே சிரித்தான், அது சிரிப்பு மாதிரி இல்லை. "இவரா? இவர் என்கிட்ட பேசி நாலு மாசம் ஆச்சு சார். மேடத்தையே கேளுங்க. இந்த ரூம்லயே பக்கத்துல உக்காரவச்சு என்ன தோணுதுன்னு கேட்டாங்க. கால் மரத்துப்போச்சுன்னார். நான் அதையே நினைச்சுக்கிட்டு நின்னேன் சார். வெள்ளிக்கிழமை வேலை போயிடும்னு பயம். பயத்துல புத்தி எங்கயோ போயிடுச்சு. வாய் விடுன்னு சொல்லிடுச்சு. அவர் என்ன செய்வார், சொன்னதைத்தான் செஞ்சார்."

மேடத்தின் பேனா நின்றது. அவர் இவன் காதைப் பார்த்தார். இரண்டு காதும் சிவந்திருந்தன. பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அதிகாரி மாப்பிள்ளையிடம் திரும்பினார். "அவர் சொல்றது சரியா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையா?"

சிக்னல்காரன் அவன் பக்கம் திரும்பவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொல்லிடாதே, சொல்லிடாதே என்று மனசுக்குள் மன்றாடினான். எந்த வாயைத் திறக்கவைக்க நாலு மாதம் பாடுபட்டானோ, அந்த வாய் இப்போது மூடியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

"ஆமா சார்" என்றான் மாப்பிள்ளை கடைசியில். "பேசறதில்ல."

சொல்லும்போது அவன் உதடு துடித்தது. முகம் கோணிக்கொண்டு போனது, தாடை இறுகியது. அதிகாரி அதைக் கவனித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சிக்னல்காரனின் வேலை அன்றே முடிந்தது, அறிக்கை தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி ஒரு தாளைத் தள்ளினார். கையெழுத்துப் போட்டான்.

"ஒரே குடும்பம்ங்கறாங்க" என்றார் அதிகாரி, பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டே. "இவ்வளவு ஆன பிறகும் அவருக்கு உங்க மேல அவ்வளவு கோவமா?"

"ஆமா சார்" என்றான் சிக்னல்காரன். "ரொம்பக் கோவம்."